செலஸ்டினா சொன்ன எண்

தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவர்களுக்கு எதிராக ஒருநாள் சட்டம் வரும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வந்தது. தன்னறிவுச் சட்டம் என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். தூத்துக்குடியில் குடும்ப வழக்குகளை நடத்திப் பிழைக்கிற இசக்கியப்பன் ஆகிய நான் அந்தச் சட்டத்தில் தோற்ற முதல் வழக்கு செலஸ்டினா மச்சாதுவினுடையது. பிறகு அதே வழக்கில் ஜெயித்தேன். தோற்றதையாவது என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

முதல் நாள் அவள் என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு மக்ரூன் பெட்டி. பின்னால் சேலையைப் பிடித்தபடி ஏழு வயது ஸ்டெல்லா. செலஸ்டினா ஒரு பேக்கரியில் முந்திரி மக்ரூன் போடுகிறவள். எத்தனையோ வேலைக்கு இயந்திரம் வந்த பிறகும் அந்தக் கடைக்காரர் முட்டை வெள்ளையைக் கையால்தான் அடிக்க வைத்தார். அடித்து அடித்து அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்டெல்லா அவளுடைய தங்கை ஜெசிந்தாவின் மகள். ஜெசிந்தா முந்தின வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டாள். அன்றிலிருந்து பிள்ளை பெரியம்மாவிடம்தான் வளர்ந்தது. இப்போது தகப்பன் டெரன்ஸ் பர்னாந்து, என் பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்று வழக்குப் போட்டிருந்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா என் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடி விளையாடி, விரலை நசுக்கிக்கொண்டாள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் செலஸ்டினா அலறினாள். விரலைப் பிடித்து ஊதினாள், தண்ணீர் கேட்டாள், கண்ணீர் விட்டாள். கடைசியில் ஸ்டெல்லாதான் "ஒண்ணுமில்ல பெரியம்மா, சரியாயிட்டு" என்று அவளைத் தேற்றும்படி ஆயிற்று. இப்படிப்பட்ட கட்சிக்காரி கிடைத்தால் வக்கீலுக்கு வேலையே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"என்னமோ சோதனைன்னு சொல்லுதாகளே சார், அது என்னது?" என்று கேட்டாள்.

"மனசுல இருக்கிற இருட்டை அளக்கிற மெஷின்மா. மூணு விஷயம் பார்க்கும். தற்பெருமை, சூழ்ச்சி, இரக்கமின்மை. தலையில ஒரு பட்டையைக் கட்டி சில படம் காட்டுவாங்க, சில சத்தம் போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு இவ்வளவுன்னு அது ஒரு எண் சொல்லும்."

"எண்ணு கூடிட்டுன்னா பிள்ளையத் தரமாட்டாகளா?"

"அப்படி இருந்தா சுலபமாச்சே. மெஷின் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே உங்களுக்கு எண் சொல்லணும். 'என்கிட்ட இரக்கமின்மை இவ்வளவு இருக்கு'ன்னு வாயால சொல்லணும். பிறகு மெஷின் சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ, அதை வச்சுத்தான் தீர்ப்பு."

"அப்ப கெட்டவனா இருந்தாப் பரவாயில்லையா?"

"தான் கெட்டவன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா பரவாயில்லை."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். விளையாட்டே இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து ஆராய்ந்து கண்டுபிடித்தது அது. வீட்டிலும் வெளியிலும் ஆகப்பெரிய கொடுமைகளைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தார்களாம். தன்னை நல்லவன் என்று நம்பியவர்கள்தான். உன் நன்மைக்குத்தான் என்று சொல்லித் தோலை உரிக்கிற தகப்பன், குடும்ப மானம் என்று சொல்லி மருமகளைப் பட்டினி போடுகிற மாமியார். தன் இருட்டைத் தெரிந்தவனோ மாத்திரை போட்டுக்கொள்வான், ஆலோசனைக்குப் போவான், கட்டுக்குள் இருப்பான். ஆகவே இருட்டு ஆபத்தில்லை, இருட்டு தெரியாமலிருப்பதுதான் ஆபத்து. காகிதத்தில் படிக்கும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. கொஞ்ச நாளில் வேலைக்கு இடைவெளி கேட்டார்கள், வாடகை வீட்டுக்குக் கேட்டார்கள். கல்யாண விளம்பரத்தில் சாதிக்கும் சம்பளத்துக்கும் நடுவில் 'இடைவெளி ஐந்துக்குள்' என்று போட்டார்கள்.

என் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதிதான். பூஜ்யத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கா தற்பெருமை, எனக்கா சூழ்ச்சி என்று குதிப்பார்கள். அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி முப்பதுக்கு ஏற்றுவதுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தில் செலஸ்டினாவுக்கும் அதையே சொன்னேன்.

"உங்களை நீங்களே நல்லவங்கன்னு நினைச்சுராதீங்கம்மா. உள்ளே நல்லாத் தோண்டிப் பாருங்க. ஒரு சின்னக் குத்தத்தையும் விடாதீங்க."

அவள் முகம் தெளிந்தது. "பாவசங்கீர்த்தனத்துக்குப் போறதுக்கு முன்னால ஆத்தும சோதனை பண்ணுவோமே, அது மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்" என்றேன். பாவசங்கீர்த்தனக் கூண்டை நான் சினிமாவில் மட்டும் பார்த்திருக்கிறேன். அதற்குள் மண்டியிடுகிற பெண் தன் குற்றத்தை எவ்வளவு பெரிதாகச் சொல்கிறாளோ அவ்வளவு நல்லது என்று சிறு வயதிலிருந்தே பழகியிருப்பாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சோதனை நீதிமன்றத்திலேயே, நீதிபதியின் முன்னால் நடக்கும். டெரன்ஸ் முதலில் உட்கார்ந்தான். துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் கம்பெனியில் நல்ல வேலை, தேய்த்த சட்டை, பார்க்க லட்சணமான ஆள். ஹோட்டலில் சாப்பாடு சொல்கிற மாதிரி எண்களைச் சொன்னான். தற்பெருமை எழுபது, சூழ்ச்சி அறுபது, இரக்கமின்மை தொண்ணூறு. மெஷினும் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் அதையே சொன்னது.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இரக்கமின்மை ஏன் அவ்வளவு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"அன்னிக்கு ஜெசிந்தா நெஞ்சு வலிக்குன்னு சொன்னா மேடம். நான் மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தேன். எந்திரிக்கப் பிடிக்கல. மேட்ச் முடிஞ்சு போய்ப் பாத்தேன், போயிட்டா. வருத்தம் வரும் வரும்னு நானும் காத்திருந்தேன். வரல."

செலஸ்டினா என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை எதுக்கு வேணும்?"

"பெத்த பிள்ளைய பெண்டாட்டியோட அக்கா வளக்கான்னு ஊருல பேசுதாங்க. எனக்கு அது கேவலமா இருக்கு. பாசம் எனக்கு வராது, அதை ஆள் வச்சுப் பாத்துக்கிடுவேன். படிப்பு, சாப்பாடு, துணிமணி எதுலயும் குறை இருக்காது."

நீதிபதி தலையை ஆட்டினார். நல்ல மனுஷிதான், சட்டத்தை மதிக்கிறவர். "இருபது வருஷத்துல இவ்வளவு வெளிப்படையான ஒரு தகப்பனை நான் பார்த்ததில்லை" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

பிறகு செலஸ்டினா. அன்று காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பட்டையைக் கட்டியதும் கண்ணை மூடி மூன்று தரம் மார்பில் தட்டிக்கொண்டாள்.

"தற்பெருமை அம்பது. சூழ்ச்சி அறுபது." மறுபடி ஒரு தரம் தட்டிக்கொண்டாள். "இரக்கமின்மை தொண்ணூறு."

நான் எழுந்தே விட்டேன். பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. சொன்ன எண்ணை மனதார நம்பிச் சொன்னால்தான் பச்சை. பொய்யாகச் சொன்னால் சிவக்கும், சோதனை செல்லாது. அவள் முழுக்க நம்பிச் சொல்லியிருந்தாள்.

மெஷின் அவளுடைய இரக்கமின்மைக்கு ஆறு என்றது. இயக்குகிற பெண் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஆறு.

"ஏம்மா தொண்ணூறுன்னு சொன்னீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"ஜெசி அன்னிக்கு சாயங்காலம் எனக்குப் போன் போட்டா அம்மா. கையெல்லாம் முட்டையா இருந்துச்சு. எப்பப் பாத்தாலும் புருஷனப் பத்திப் புலம்புதாளேன்னு எரிச்சல். எடுக்கல. எடுத்திருந்தா எந்தங்கச்சி இருந்திருப்பா. நான்தான் கொன்னுட்டேன்."

தீர்ப்பு அரைப் பக்கம். செலஸ்டினா தன்னறியாதவர். தன் மனதைத் தானே இவ்வளவு தவறாகக் கணிக்கிறவர் ஒரு குழந்தையின் மனதை எப்படிக் கணிப்பார்? ஸ்டெல்லா தகப்பனிடம் இருக்கட்டும், பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம், ஒரு வருடம் கழித்து மறுசோதனை கேட்கலாம். ஸ்டெல்லா செலஸ்டினாவின் சேலையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கூட்டிப்போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டப் புத்தகத்தைக் கடலில் எறிந்திருப்பேன், அது இப்போது புத்தகமாக இல்லை என்பதால் தப்பித்தது.

வராந்தாவில் டெரன்ஸ் எங்களுக்காக நின்றான். கேலி செய்கிற முகமில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"மதினி, இதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, நீங்க சொல்லுத எண்ணு இறங்கணும். இல்லன்னா நீங்க அந்த எண்ணுக்கு ஏறணும்."

"போடா" என்றேன் நான். வக்கீல் பேசக்கூடாத வார்த்தைதான்.

அந்த வருடம் முழுக்க நான் முதல் வழியில் முயன்றேன். வாரா வாரம் அவளை உட்கார வைத்து, நீங்கள் நல்லவர், நீங்கள் நல்லவர் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினேன். பழைய பட்டை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்த்தேன். இருபது என்று சொல்வாள், சிவக்கும். நாற்பது, சிவக்கும். எண்பது என்றால்தான் பச்சை. கோபத்தில் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் அவளுடைய பங்குச் சாமியாரிடமே கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தால் மதம் மாறிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஆண்டவரே மன்னிச்சிட்டார் செலஸ்டினா. உன்னை நீ மன்னிக்க மாட்டேங்கியே, ஏன்?" என்றார் சாமியார்.

"செத்தது ஆண்டவரோட தங்கச்சி இல்லையே சாமி" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்ரூன் எடுத்துக்கொண்டு டெரன்ஸ் வீட்டுக்குப் போவாள். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கிரேஸி என்று ஒரு பெண்ணை வைத்திருந்தான். கல்யாணம் நிச்சயமான பெண், நல்ல பெண்தான், ஆனால் சமையலும் துவையலும் அவள் தலையில். போய்விட்டு வந்து செலஸ்டினா என்னிடம் சொல்வாள்.

"பிள்ள இப்ப விழுந்தா அழ மாட்டேங்குது சார். கிரேஸி அடுப்படியில இருப்பா, அவன் போனப் பாத்துக்கிட்டு இருப்பான். அழுதா யாரும் வரமாட்டாகன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. தானா எந்திரிச்சுத் தொடச்சிக்கிடுது."

இதைச் சொல்லும்போது முதல் தடவை அழுதாள். அடுத்த தடவை அழவில்லை. பிறகு சில வாரங்கள் அவள் என்னிடம் வரவேயில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வந்தாள். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வழக்கமாக என் வீட்டுக்காரியின் சர்க்கரை வியாதியை விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். அன்று விசாரிக்கவில்லை.

"கிரேஸி போயிட்டா சார். இப்ப ஸ்டெல்லா வாரத்துல அஞ்சு நாள் எங்கூடத்தான் இருக்கா. டெரன்ஸே கொண்டாந்து விட்டுட்டான்."

"நல்லதாப் போச்சே! கிரேஸி ஏன் போனா?"

"டெரன்ஸோட கல்யாண மோதிரம் அவ பைல இருந்துச்சு. போலீஸ்ல கொடுத்துட்டான்."

"அட, பார்த்தா அப்படித் தெரியலையே."

"அவ எடுக்கல. நான்தான் எடுத்து அவ பைல வச்சேன்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"அவ கல்யாணமும் நின்னுபோச்சு" என்று அவள் தொடர்ந்தாள். "நான்தான் வச்சேன்னு அவளுக்குத் தெரியாது. எங்கிட்டத்தான் வந்து அழுதா. என் மடியில தலைய வச்சு அழுதா சார். முதல்ல எனக்கும் அழுகை வந்துச்சு. பிறகு அடுப்புல மக்ரூன் வெந்துட்டான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்னம்மா இது? பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா போயிருமே சார்." என்னை நேராகப் பார்த்தாள். "சொன்னா அழுகை வரும், மனசு லேசாயிரும். பழைய மாதிரி ஆயிருவேன். பிறகு மெஷின் ஆறுன்னு சொல்லும். மறுசோதனை வரைக்கும் இதை உள்ளயே வச்சிருக்கணும். இது மட்டுமில்ல, சின்னச் சின்னதா இன்னும் வச்சிருக்கேன். என்னால இறங்க முடியல சார். அதான் ஏறுதேன்."

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அன்றைக்கு அந்த விதி எனக்கு ரொம்பவும் வசதியாக இருந்தது. கிரேஸி ஏதோ ஒரு வழக்கில் ஏதோ ஒரு வக்கீலோடு அலைந்துகொண்டிருப்பாள் என்று தெரிந்தும், மறுசோதனைக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பிள்ளை பெரியம்மாவிடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பிறகு அவள் சாமியாரிடம் போவாள், அழுவாள், பழைய செலஸ்டினா வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுசோதனை நாளன்று அவள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். பட்டையைக் கட்டியபோது மார்பில் தட்டிக்கொள்ளவில்லை. எண்களைச் சொன்ன விதத்தில் எனக்கு டெரன்ஸின் ஞாபகம் வந்தது.

"தற்பெருமை இருபது. சூழ்ச்சி எழுபத்தி அஞ்சு. இரக்கமின்மை எண்பது."

பச்சை. மெஷினும் ஏறக்குறைய அதையே சொன்னது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இடைவெளி இரண்டு.

நீதிபதி அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. போன வருடம் எவ்வளவு குழப்பத்தில் இருந்த பெண், இன்று தன்னை எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறார் என்று வியந்தார். இந்தச் சட்டம் எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அதற்கு இந்த அம்மாவே சாட்சி என்று தீர்ப்பில் எழுதினார். போன முறை பார்த்த எண்ணையும் இந்த முறை பார்த்த எண்ணையும் பக்கத்தில் வைத்து, ஆறு எப்படி எண்பது ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. சட்டம் அதைக் கேட்கச் சொல்லவில்லை. அது இடைவெளியை மட்டும்தான் கேட்கிறது.

டெரன்ஸ் எதிர்க்கவேயில்லை. பிள்ளை வளர்ப்பது அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. போகிற போக்கில் செலஸ்டினாவின் அருகில் நின்று, "ஏறிட்டீங்க மதினி" என்றான். அவள் தலையை அசைத்தாள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கடைத்தெருவில் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

வெளியே வந்தோம். நல்ல வெயில். நான் போனில் வீட்டுக்காரியிடம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எங்களுக்கு முன்னால் நீதிமன்றப் படிகளில் குதித்து இறங்கினாள். கடைசிப் படிக்கு முன்படியில் கால் தடுக்கி முகங்குப்புற விழுந்தாள். முழங்கால் சிமெண்டில் உரசிய சத்தம் எனக்கே கேட்டது. முட்டியில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு செலஸ்டினாவைப் பார்த்தேன்.

அவள் தீர்ப்பு நகலை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். ஸ்டெல்லாவைப் பார்த்தாள். கண்ணை வேறெங்கும் திருப்பவில்லை. நன்றாகத்தான் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதாவது ஒன்று வரும் என்று நான் காத்திருந்தேன். இப்போது குனிவாள், இதோ குனியப்போகிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

ஸ்டெல்லா தலையை நிமிர்த்திப் பெரியம்மாவைப் பார்த்தாள். உதடு ஒரு தடவை கோணியது. அழவில்லை. கையை ஊன்றித் தானாக எழுந்தாள். பாவாடை நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "போலாமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

இருவரும் நடந்தார்கள். போனில் என் வீட்டுக்காரி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுந்த இடம் எனக்குக் கை எட்டும் தூரம்தான். நான் ஒரு எட்டு வைத்துக் குனிந்து அவளைத் தூக்கியிருக்கலாம். செலஸ்டினா குனிகிறாளா என்று அளந்துகொண்டு நின்றதில், எனக்கு அது தோன்றவேயில்லை.